குஞ்சைத் தொடாத கதாநாயகி

விலங்குகளைக் காப்பாற்றும் சிறுவர் கதைகளில் பாதிக்கு ஒரே வார்ப்புதான். மழை பெய்யும். மரத்தடியில் ஒரு குருவிக் குஞ்சு நடுங்கும். நல்ல மனசுள்ள ஒரு சிறுமி அதை வீட்டுக்குத் தூக்கி வருவாள், பஞ்சில் படுக்க வைப்பாள், சொட்டுச் சொட்டாகப் பால் ஊற்றுவாள். குஞ்சு தேறி, அவள் தோளிலேயே உட்கார்ந்துகொள்ளும். முற்றும்.

வார இறுதிகளில் பிள்ளைகளுக்குக் கதை சொல்வது என் பல வருட வேலை. அதோடு, காயம்பட்ட காட்டுயிர்களைப் பராமரிக்கும் ஒரு மையத்துக்குக் கூண்டு கழுவவும் தீனி நறுக்கவும் போய்க்கொண்டிருக்கிறேன். இரண்டு இடத்திலும் கால் வைத்திருப்பதால் அந்தச் சிறுமியின் கதை கடைசியில் எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்க்க முடிகிறது. பறவைகள் குஞ்சு பொரிக்கும் மாதங்களில் மையத்துக்கு ஷூ டப்பாக்கள் வந்தபடியே இருக்கும். உள்ளே பஞ்சு, பஞ்சுக்குள் ஒரு குஞ்சு, பல சமயம் அதன் அலகோரத்தில் காய்ந்துபோன பால். டப்பாவைப் பிடித்திருக்கும் பிள்ளையின் முகமெல்லாம் பெருமை. குஞ்சுக்கு அடியே படவில்லை, அது பறக்கப் பழகிக்கொண்டிருந்தது, அதன் தாய் பக்கத்துக் கிளையில்தான் இருந்திருக்கும் என்பதை அந்த முகத்தைப் பார்த்து யார் சொல்வது? மையத்து டாக்டர் ஒருமுறை என்னிடம் சொன்னார்: "கதையில நீங்க என்ன வேணா பண்ணிக்கோங்க. குஞ்சுக்குப் பால் மட்டும் ஊத்தாதீங்க. எனக்கு வேலை பாதி குறையும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அன்றிலிருந்து எந்தக் கதையைக் கையில் எடுத்தாலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான். இதைக் கேட்ட பிள்ளை நாளைக் காலையில் தரையில் ஒரு குஞ்சைப் பார்த்தால் என்ன செய்யும்? அதற்குச் சரியான பதில் கிடைக்காத கதை எவ்வளவு அழகாக இருந்தாலும் ஓரமாக வைத்துவிடுகிறேன்.

பால் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பறவை பாலூட்டி இல்லை. பாலில் இருக்கும் சர்க்கரையைச் செரிக்க அதன் குடலுக்கு வழி கிடையாது. இன்னொன்று, பறவையின் மூச்சுத் துளை நாக்குக்குச் சற்றுப் பின்னாலேயே திறந்திருக்கும். வாயில் தண்ணீரோ பாலோ ஊற்றினால் அது நேராக மூச்சுக்குள் போய்விடும். தாகத்தோடு வந்த குஞ்சு தண்ணீராலேயே மூச்சு முட்டிச் சாவதை மையத்தில் இருப்பவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஆகவே என் கதைகளில் யாரும் எந்தக் குஞ்சின் வாயிலும் எதையும் ஊற்றுவதில்லை.

அப்படியானால் கதாநாயகி என்னதான் செய்வாள்? இங்கேதான் கதை சொல்பவருக்கு உண்மையான வேலை. பெரும்பாலான சமயங்களில் அவள் செய்ய வேண்டியது, தள்ளி நின்று பார்ப்பது. கேட்க உப்புச்சப்பு இல்லாத வேலை. ஆனால் ஒளிந்திருந்து வேவு பார்ப்பதைவிடப் பிள்ளைகளுக்குப் பிடித்தது வேறு என்ன இருக்கிறது? என் கதையில் அந்தப் பெண் குஞ்சைப் பார்த்ததும் முதலில் ஒரு துப்பறிவாளர் மாதிரி தடயம் தேடுவாள். உடம்பில் இறகு இருக்கிறதா, வெறும் தோலா? வால் குட்டையாக முளைத்திருக்கிறதா? தத்தித் தத்திப் போகிறதா? இறகு முளைத்து, தத்தத் தெரிந்து, கண் திறந்து முழிக்கிறது என்றால் அது கூட்டைவிட்டுத் தானாக இறங்கிய குஞ்சு. சரியாகப் பறக்க வருவதற்கு முன் சில நாட்களைத் தரையிலும் புதரிலும் கழிப்பது பல பறவைகளின் வழக்கம். தாயும் தந்தையும் தீனி கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருக்கும், ஆனால் நாம் பக்கத்தில் நின்றால் வராது. ஆகவே கதாநாயகி ஜன்னலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறாள். ஒரு மணி நேரம், தேவைப்பட்டால் இரண்டு.

அந்த இரண்டு மணி நேரத்தில்தான் கதையே நடக்கிறது. ஒரு பூனை வருகிறது. அவள் கத்துவதா, ஓடுவதா? பூனையை விரட்டிவிட்டு, குஞ்சை நாலடி தள்ளிப் புதருக்குள் விட்டுவிட்டு மறுபடி ஒளிந்துகொள்கிறாள். இந்த இடத்தில் கூட்டத்திலிருந்து ஒரு குரல் கட்டாயம் எழும்: "அக்கா, மனுஷங்க தொட்டா அம்மாக் குருவி சேர்த்துக்காதாமே?" இதை எதிர்பார்த்தேதான் அந்தப் பூனையைக் கதைக்குள் விட்டிருக்கிறேன். மனித வாடை பட்ட குஞ்சைப் பறவை ஒதுக்கிவிடும் என்பது வெறும் பேச்சு. பெரும்பாலான பறவைகள் தங்கள் குஞ்சை மோப்பத்தால் அடையாளம் வைத்துக்கொள்வதில்லை. இறகு முளைக்காத குஞ்சு கூட்டிலிருந்து தவறி விழுந்திருந்தால் அதை எடுத்துக் கூட்டிலேயே வைக்கலாம். கூடே சரிந்து விழுந்திருந்தால், தண்ணீர் வடிய அடியில் சின்னச் சின்ன ஓட்டை உள்ள ஒரு சிறிய கூடையை அதே மரத்தில் கட்டி அதற்குள் விடலாம். பெற்ற பறவைகள் தேடி வந்துவிடும்.

மகாராஷ்டிரத்தின் ஜுன்னார் பகுதிக் கதையையும் இதே விதமாகச் சொல்கிறேன். அங்கே சிறுத்தைகள் கரும்புத் தோட்டத்துக்குள் குட்டி போடுகின்றன. கரும்பு வெட்டும்போது குட்டிகள் அகப்படும். தாய் செத்திருக்காது, ஆள் அரவம் கேட்டு விலகிப் போயிருக்கும். வனத்துறையினரும் மீட்புக் குழுவினரும் குட்டிகளைப் பரிசோதித்துவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் அகப்பட்ட அதே இடத்தில் ஒரு பெட்டிக்குள் வைத்துவிட்டுத் தள்ளிப் போய்விடுகிறார்கள். கேமரா மட்டும் காவல் இருக்கும். இரவில் தாய் வந்து ஒவ்வொன்றாகக் கழுத்தில் கவ்விக்கொண்டு போகும். இதைச் சொல்லும்போது நான் விளக்கை அணைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "இன்னும் வரலை... இன்னும் வரலை..." என்று இழுப்பேன். காத்திருப்பது எவ்வளவு படபடப்பான வேலை என்பதைப் பிள்ளைகள் தங்கள் உடம்பிலேயே உணர்ந்துவிடுகிறார்கள். சில பேர் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொள்வதும் உண்டு.

பெரிய வகுப்புப் பிள்ளைகள் வந்தால் பேகன் கதையை இழுத்துவிடுவேன். மயிலுக்குப் போர்வை கொடுத்த வள்ளலை அவர்கள் பாடத்திலேயே படித்திருப்பார்கள். மயில் குளிரில் நடுங்கியதா, மழைக்காலத்தில் பெட்டையைக் கவரத் தோகை விரித்து ஆடியதா என்று கேட்டால் போதும், அரை மணி நேரச் சண்டை உறுதி. மயில் உடுத்தாது, போர்த்தாது என்று தெரிந்தும் கொடுத்தான் என்றுதான் பரணரே பாடியிருக்கிறார் என்பதையும் சொல்லிவிடுவேன். கொடையைப் பாட அது போதும். மீட்பு என்று வந்துவிட்டால் போர்வை மயிலுக்கு உதவியதா என்று மயில் பக்கம் நின்று பார்க்க வேண்டும். நிறையக் கதைகளில் அந்தப் பக்கத்தை எட்டிப் பார்க்கவே ஆள் இல்லை.

அடுத்த தலைவலி, முடிவு. காப்பாற்றப்பட்ட விலங்கு தன்னோடேயே இருந்துவிட வேண்டும் என்று பிள்ளைகள் ஏங்குகிறார்கள், எழுதுகிறவர்களும் தயங்காமல் கொடுத்துவிடுகிறார்கள். மையத்தில் நடப்பதோ நேர்மாறு. அங்கே கொஞ்சல் கிடையாது, பேர் வைப்பது கிடையாது, தேவையில்லாமல் பேச்சும் கிடையாது. சில பறவைகள் கண் திறந்ததும் எதைப் பார்க்கின்றனவோ அதையே தாயாகப் பதித்துக்கொள்ளும். மனிதனைப் பதித்துக்கொண்ட ஆந்தைக்குப் பிற்பாடு இன்னொரு ஆந்தையைப் பார்த்தால் என்ன செய்வதென்றே தெரியாது.

இந்த இடத்தில் வெறும் தகவல் எடுபடாது, நடிப்புதான் எடுபடும். கலிபோர்னியா காண்டர் என்ற பெரிய பிணந்தின்னிக் கழுகு 1982-ல் உலகத்திலேயே 22 தான் மிச்சம் இருந்தது. காப்பகத்தில் பொரித்த குஞ்சுகள் மனித முகத்தைப் பார்த்துப் பழகிவிடக் கூடாது என்று, பெரிய காண்டரின் தலையைப் போலச் செய்த கைப்பாவையை மாட்டிக்கொண்டு ஊட்டினார்கள். நான் ஒரு பழைய காலுறையில் கண் தைத்து வைத்திருக்கிறேன். அதை மாட்டிக்கொண்டு ஒரு பிள்ளை ஊட்ட வேண்டும், வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசக் கூடாது, சிரிக்கவும் கூடாது. யாராலும் முடிவதில்லை! காண்டர்களைக் காட்டில் விடுவதற்கு முன் மின்கம்பத்தில் உட்காராமல் இருக்கவும் பயிற்சி தருகிறார்கள். கூண்டுக்குள் ஒரு பொய்க் கம்பம், அதில் உட்கார்ந்தால் லேசாக ஒரு ஷாக். "கழுகுக்கும் ஸ்கூலா?" என்று அப்போது எழும் பரிதாபக் குரல் கேட்கத் தகுந்தது. 1992-ல் மறுபடி காட்டில் விட ஆரம்பித்தார்கள். இன்றைக்குக் காப்பகத்திலும் காட்டிலும் சேர்த்து 500-க்கு மேல் இருக்கின்றன.

மனிதர்கள் எவ்வளவு ஒளிந்தாலும் போதாமல் போன கதையும் இருக்கிறது. அமெரிக்காவில் ஊப்பிங் கொக்குகளுக்கு வலசைப் பாதை காட்ட, 2001-ல் தொடங்கி, விமானிகள் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு சிறிய விமானத்தில் முன்னால் பறந்தார்கள். விஸ்கான்சினிலிருந்து புளோரிடா வரை சுமார் 1,900 கிலோமீட்டர் கொக்குகள் பின்னாலேயே வந்தன. கேட்டால் மயிர்க்கூச்செறியும். ஆனால் அப்படி வளர்ந்த பறவைகளுக்குப் பறக்க வந்த அளவுக்குத் தன் குஞ்சை வளர்க்க வரவில்லை. மனிதத் தலையீடு அதிகமாகிவிட்டது என்று 2016-ல் நிறுத்த முடிவு செய்தார்கள். இந்தப் பின்பாதியைச் சொல்லாமல் விட்டால் கதை இன்னும் ஜோராகத்தான் இருக்கும். இருந்தும் பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்குப் பின்பாதியையும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் தாங்குவார்கள், நாம்தான் பயப்படுகிறோம்.

சின்னப் பிள்ளைகளுக்கு முடிவு வேறு மாதிரி வேண்டும். வெறுமனே "பறந்து போய்விட்டது" என்று முடித்தால் அழுகை வரும். கென்யாவில் தாயை இழந்த யானைக் குட்டிகளை வளர்க்கும் இடத்தைப் பற்றிச் சொல்வேன். ராத்திரி பராமரிப்பாளர் குட்டியோடு அதே கொட்டிலில் படுத்துக்கொள்வார். ஆனால் ஒரே ஆள் தினமும் படுக்க மாட்டார், முறை மாற்றிக்கொள்வார்கள். ஒருவரிடமே ஒட்டிக்கொண்ட குட்டி அவர் ஒருநாள் வராவிட்டால் சாப்பிடாமல் கிடந்துவிடும். பல ஆண்டுகள் கழித்து, காட்டில் கலந்துவிட்ட யானைகளில் சில, தாங்கள் ஈன்ற குட்டியோடு அந்தப் பக்கம் வந்து நின்றுவிட்டுப் போகின்றன. பிள்ளைகளின் ஏக்கத்துக்கு இந்த வருகை போதுமானதாக இருக்கிறது. யானை திரும்பக் காட்டுக்கே போய்விடுகிறது என்பதும் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது.

வில்லனைப் பற்றியும் சொல்ல வேண்டும். துப்பாக்கியும் மீசையுமாக ஒரு வேட்டைக்காரன் வந்துவிட்டால் கதை எழுதுகிறவருக்கு வேலை மிச்சம். வேட்டை பொய்யில்லைதான். ஆனால் மையத்துக்கு வரும் உயிர்களில் பெரும்பாலானவற்றை அடித்தவனுக்கு மீசை கிடையாது. கண்ணாடி ஜன்னல், பட்டம் விடும் நூல், வாகனம், அறுந்துபோன மீன்வலை, இப்படித்தான் இருக்கும். தெற்காசியாவின் பாறுக் கழுகுகளைவிட இதற்கு நல்ல கதை எனக்குக் கிடைத்ததில்லை. மாடு நோவில் துடிக்கிறதே என்று அதன் சொந்தக்காரர் டைக்குளோஃபினாக் என்ற வலிமருந்து போடுகிறார். மாடு பிறகு செத்துப்போகிறது. அதைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகம் கெட்டுப்போகிறது. வெண்முதுகுப் பாறுகளில் 99 விழுக்காட்டுக்கும் மேல் போய்விட்டன. காரணம் இந்த மருந்துதான் என்று 2004-ல் வெளியான ஆய்வு காட்டியது. 2006-ல் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் மூன்றும் மாட்டுக்கு அதைத் தருவதைத் தடுக்க நடவடிக்கை எடுத்தன, கழுகைக் கொல்லாத மெலாக்ஸிகாம் மாற்றாக வந்தது. இந்தக் கதையில் யார் கெட்டவர் என்று கேட்டுவிட்டு நான் சும்மா இருந்துவிடுவேன். பிள்ளைகள் மாட்டுக்காரரில் ஆரம்பித்து, மருந்துக் கம்பெனி, டாக்டர், கழுகு என்று சுற்றி வருவார்கள். மருந்து போட்டவர் மாட்டின் மேல் பிரியம் வைத்தவர் என்பது அவர்களை ரொம்பவும் இம்சிக்கும். இம்சிக்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

கடலாமைக் கதையிலும் இதேதான். முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு இரவில் வெளிச்சமாகத் தெரியும் திசையை நோக்கி ஓடும். ஆதிகாலத்திலிருந்து அது கடல்தான். இப்போது கரையில் தெருவிளக்கு. இங்கே கதாநாயகனின் வீரம் சுவிட்சை அணைப்பதில் இருக்கிறது.

விலங்குகள் பேசலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாகப் பேசட்டும், பேச்சு ஒரு சிக்கலே இல்லை. பேசும் நரிக்குள் மனிதத் தந்திரத்தைத் திணித்துவிட்டு, நிஜ நரி எதைத் தின்னும், எங்கே தூங்கும் என்பதையே மறந்துவிடுவதுதான் எனக்கு உறுத்தும். என் கதை ஆந்தை பேசும். ஆனால் எலியைத்தான் தின்னும், விழுங்கிய எலியின் முடியையும் எலும்பையும் உருண்டையாக வெளியே கக்கும், அதைப் பற்றிப் பெருமையும் அடித்துக்கொள்ளும். அந்த உருண்டை வரும் இடத்தில் எழும் "சீ..." ஒலியில், ஆந்தை அலறினால் சாவு விழும் என்ற பேச்செல்லாம் காணாமல் போய்விடுகிறது. நீதியைச் சொல்லித் திருத்துவதைவிட அருவருப்பு வேகமாக வேலை செய்கிறது என்பது என் அனுபவம்.

சாவைப் பற்றிச் சுருக்கமாக. மையத்துக்கு வரும் உயிர்களெல்லாம் பிழைப்பதில்லை. கதையிலும் எல்லாம் பிழைத்துவிட்டால், தான் கொண்டுவந்த குஞ்சு செத்ததும் பிள்ளை தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்ளும். ஆகவே இரண்டு உயிர் வரும் கதை என்றால் ஒன்றை நான் சாக விடுவதுண்டு. அதைத் தொடர்ந்து உடனே ஒரு பெரிய வெற்றிக் கதையைச் சொல்லிவிடுவேன்.

அந்த வெற்றிக் கதை பெரும்பாலும் பெங்குவின் கதைதான். 2000 ஜூனில் தென்னாப்பிரிக்கக் கரையோரம் 'ட்ரெஷர்' என்ற கப்பல் மூழ்கி எண்ணெய் கசிந்தது. ராபன் தீவிலும் டாசன் தீவிலும் இருந்த சுமார் 19,000 பெங்குவின்கள் எண்ணெயில் நனைந்தன. எண்ணெய் பட்டால் இறகின் நீர்காக்கும் தன்மை போய்விடும், குளிர் உள்ளே ஏறும், அலகால் கோதும்போது எண்ணெய் வயிற்றுக்குள் போகும். ஆனால் வந்தவுடன் குளிப்பாட்ட மாட்டார்கள். முதலில் நீரும் உணவும் கொடுத்துத் தெம்பு ஏற்ற வேண்டும். களைத்த பறவை குளியலைத் தாங்காது. சோப்பு போடுவதைவிட அதை முழுக்க அலசி எடுப்பது பெரிய வேலை. ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் மாதக்கணக்கில் இதைச் செய்தார்கள். இன்னொரு பக்கம், எண்ணெய் படாத சுமார் 19,500 பெங்குவின்களை லாரியில் ஏற்றிக் கிழக்கே போர்ட் எலிசபெத்துக்குக் கொண்டுபோய்க் கடலில் விட்டார்கள். எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் நீந்தி அவை வீடு திரும்புவதற்குள் இங்கே கடல் சுத்தமாகிவிடும் என்பது கணக்கு. பீட்டர், பமீலா, பெர்ஸி என்ற மூன்றின் முதுகில் செயற்கைக்கோள் கருவி பொருத்தி, அவை எங்கே வந்துகொண்டிருக்கின்றன என்று உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. நான் தரையில் சாக்பீஸால் கரையோரக் கோட்டை வரைந்துவிடுவேன். மூன்று பிள்ளைகள் அந்தக் கோட்டில் நகர்வார்கள், மற்றவர்கள் பெயர் சொல்லிக் கத்துவார்கள். மையத்தில் பேர் வைக்கக் கூடாது என்றீர்களே, இதற்கு மட்டும் எப்படி என்று மடக்கிய பையனும் உண்டு. நல்ல கேள்விதான். இந்தப் பேர்கள் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்காக, பெங்குவின்களுக்குத் தங்களுக்கு அப்படி ஒரு பேர் இருந்ததே தெரியாது என்று சொன்னேன். பாதி மனசோடு ஏற்றுக்கொண்டான்.

இன்னொரு நடைமுறை விஷயம். மீட்புக் கதை சொல்லப் போகிறீர்கள் என்றால், அந்த இடத்தில் காட்டுயிருக்கு அடிபட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதை முன்னாலேயே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். கதை முடிந்ததும் பிள்ளைகள் கேட்பது அதைத்தான். கதையின் பாத்திரமும் போன் செய்யட்டும். எங்கே பார்த்தேன், எப்போது பார்த்தேன், எப்படி இருக்கிறது என்ற மூன்றையும் சொல்லட்டும். உதவி வரும்வரை காற்றோட்டமான, இருட்டான ஒரு பெட்டி, சத்தமில்லாத மூலை, தீனி இல்லை, தண்ணீர் இல்லை, எட்டிப் பார்ப்பதும் இல்லை. எட்டிப் பார்க்காமல் இருப்பதுதான் பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டம் என்பதால் கதையிலும் அந்த ஆசையோடு ஒருவனைப் போராட விடுகிறேன்.

இப்போது வெளவால் கதை ஒன்றை இழைத்துக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் இடக்கானது. வெளவாலை வெறுங்கையால் தொடவே கூடாது. வெறிநோய் மாதிரியான தொற்று இருக்கலாம். இதைச் சொல்லப்போய், சும்மாவே பயந்துகிடக்கும் பிள்ளைகள் அதைப் பேயாக்கிவிடக் கூடாது. ஆகவே நோயைப் பற்றி ஒரே ஒரு வரி வைத்தேன். மீதியைச் செய்முறைக்கு விட்டுவிட்டேன். கதையில் வெளவாலைப் பார்க்கும் பிள்ளை அதன் அருகே போகாமல் ஒரு பெரியவரைக் கூப்பிடும். அவர் தடித்த கையுறை போட்டுக்கொண்டு மேலிருந்து ஒரு பெட்டியைக் கவிழ்ப்பார், அடியில் அட்டையைச் செருகுவார். சுருட்டிய கறுப்புத் துணியை வெளவாலாகப் போட்டு ஒத்திகை பார்த்தோம். பெரியவர் வேடத்துக்குத்தான் அடிதடி. இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி பெட்டிக்குள் குனிந்து பார்த்துவிட்டு, "அக்கா, இதுக்குத் தலைகீழாத் தொங்கணுமே, உள்ள பிடிச்சுக்க ஒண்ணுமே இல்லையே?" என்றாள். மையத்தில் கேட்டேன். ஆமாம், பற்றிக்கொள்ளவும் ஒளிந்துகொள்ளவும் உள்ளே ஒரு துணியைத் தொங்கவிடுவோம் என்றார்கள். கதையில் அந்தத் துணியையும் சேர்த்தாகிவிட்டது.